கள்ளனைத் தூக்கிப் போடுவதற்கு முன்

வாழைப்பூ ஆய்ந்து பழகியவர்கள் தாவரப் பரிணாமத்தில் ஒரு கடினமான பாடத்தைப் பாதி முடித்தவர்கள். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுத்துவிட்டு, "தாவரவியல் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய பூவில் ஒரு மடலைத் தூக்குங்கள். உள்ளே சீப்புப்போல் இரண்டு வரிசைப் பூக்கள். ஒன்றைக் கிள்ளி வெள்ளைத் தட்டில் வையுங்கள். கண்ணாடித்தாள் மாதிரி சின்னதாக ஒரு இதழ் தனியாகக் கழன்று வரும். சமையலில் அதை எறிந்துவிடுவோம். அதற்கு எதிரே தடித்த இதழ் ஒன்று. அதன் நுனியில் ஐந்து பல். ஐந்து இதழ்கள் ஒட்டி ஒன்றானது அது. ஐந்தும் ஒன்றும் ஆறு. ஒருவித்திலைத் தாவரங்களின் பூக்கணக்கு பெரும்பாலும் மூன்றின் மடங்கு என்பதால் இதுவரை சரி.

இனி உள்ளே எண்ணுங்கள். நடுவில் தலை பருத்து விறைத்து நிற்பதுதான் கள்ளன். சூல்தண்டும் சூல்முடியும் சேர்ந்தது. வேகாது என்று அம்மாக்கள் உருவிப் போடுவது அதைத்தான். சுற்றி நிற்பவை மகரந்தத்தாள்கள். கணக்குப்படி ஆறு இருக்க வேண்டும்; இருப்பது ஐந்து. கண்ணாடி இதழ் இருந்த பக்கம் பாருங்கள், ஆறாவது நிற்க வேண்டிய இடம் காலி. ஆக, கள்ளன் என்று நாம் பட்டம் கட்டியது களவு போகாமல் நிற்பவனுக்கு. நிஜமாகக் காணாமல் போனவனுக்குப் பெயரே வைக்கவில்லை.

இங்கிருந்து பாடம் நீளும். வாழை, இஞ்சி, கல்வாழை, ஹெலிகோனியா, சாலையோரம் மயில்தோகைபோல் விரிந்து நிற்கும் விசிறிவாழை எல்லாம் ஒரே தாவர வரிசையை (பல குடும்பங்கள் அடங்கிய வகைப்பாட்டுப் பிரிவு) சேர்ந்த உறவுகள். விசிறிவாழைக்கு ஆறு மகரந்தத்தாளும் உண்டு. வாழைக்கு ஐந்து. இஞ்சி, மஞ்சள், ரோஜாக் என்ற காய்கனிக் கலவையில் நறுக்கிப் போடும் புங்கா கந்தான் (தீப்பந்த இஞ்சிப் பூ) இவற்றுக்கு ஒன்றே ஒன்று. கல்வாழைக்கு அரை. ஒரு தாளின் ஒரு பாதியில் மட்டும் மகரந்தப்பை இருக்கும், மறுபாதி இதழாக விரிந்துவிட்டது. கல்வாழையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று தெரிபவற்றில் பெரும்பாலானவை அல்லி இதழ்கள் அல்ல, மகரந்தம் தருவதை நிறுத்திவிட்ட தாள்கள். இஞ்சிப் பூவின் நாக்கு போன்ற உதடும் அப்படித்தான்: மலடான இரண்டு தாள்கள் ஒட்டி உருவானது.

மாணவர்கள் விழும் பள்ளமும் இங்கேதான். ஆறு, ஐந்து, ஒன்று, அரை என்று கேட்டதும் மனம் ஏணி கட்டிவிடும். விசிறிவாழை வாழையாகி, வாழை இஞ்சியாகி, இஞ்சி கல்வாழையானது என்று தேர்வுத்தாளில் எழுதுவார்கள். எல்லாமே இன்று உயிரோடு இருக்கும் செடிகள். ஒன்று மற்றொன்றுக்குப் பாட்டி ஆக முடியாது, ஒன்றுவிட்ட அக்காள் தங்கைதான் ஆக முடியும். இதை வாயால் நூறு முறை சொன்னாலும் ஏறாது. ஹெலிகோனியாவையும் வாழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டிக் காட்டினால் ஏறும். இரண்டிலும் வேலை செய்யும் தாள் ஐந்துதான். ஆனால் கணக்குப்படி ஆறு தாள்களும் மூன்று மூன்றாக இரண்டு வட்டங்களில் நிற்பவை. வாழையில் குறைந்தது உள்வட்டத்துத் தாள். ஹெலிகோனியாவில் மலடானது வெளிவட்டத்துத் தாள். தொகை ஒன்று, இழந்தது வேறு. அட்டவணையில் 'மகரந்தத்தாள்: 5' என்று மட்டும் நிரப்பி, செடிகளின் உறவு மரத்தை வரையும் மென்பொருளுக்குக் கொடுத்தால், அது இரண்டையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்ளும். கொடுத்ததைத்தானே அது நம்பும்.

என் கருத்து இதுதான்: பூவை வெட்டி எண்ணத் தெரியாதவரிடம் மரபணுத் தரவைக் கொடுப்பது, சுருதி தெரியாதவரிடம் நாதஸ்வரத்தைக் கொடுப்பது போல. "நிரல் எழுதக் கற்றுக்கொள், செடி பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இப்போது தரப்படும் அறிவுரை தலைகீழானது. நிரல் எழுதத் தெரியத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. சண்டை வரிசையைப் பற்றி.

கண்ணை மட்டும் நம்பினாலும் வழுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் தாவரவியல் பூங்காவில் (பெரியவர்கள் வாயில் பூமலை) வேலை பார்த்த தாவரவியலாளர் கார்னர், மரமேறிக் கொய்ய பெரோக் குரங்குகளைப் பழக்கியவர். இந்த வட்டார மரங்களை அவரளவு கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. அவர் 1949இல் 'டுரியான் கோட்பாடு' என்று ஒன்றை முன்வைத்தார். பூக்கும் தாவரங்களின் மூதாதை டுரியான் மாதிரி, முள் காயும் சதைப்பற்றுள்ள விதையுறையும் கொண்ட தடித்த மரம் என்றார். மரபணு ஆய்வுகள் வந்தபின் பூக்கும் தாவரங்களின் உறவு மரத்தின் அடிக்கிளையில் நின்றது நியூ கலிடோனியாவின் அம்போரெல்லா என்ற சின்ன மரம். டுரியான் வெண்டைக்காய், பருத்தி, செம்பருத்தி குடும்பத்தில், நடுக்கிளை ஒன்றில் போய் உட்கார்ந்தது. கோட்பாடு விழுந்தது. விதையுறை பற்றி அவர் குறித்து வைத்த நுணுக்கங்கள் விழவில்லை.

சரி, மரபணுப் பக்கம். அதற்கும் வாழைப்பூவே போதும். ஆய்ந்த பூ ஏன் கறுக்கிறது? திசு உடைந்ததும் பாலிபீனால்கள் காற்றோடும் நொதியோடும் சேர்ந்து பழுப்பாகின்றன. ஏன் மோரில் போடுகிறோம்? புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். மோரின் புரதம் பாலிபீனாலைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கும்போது அதே பாலிபீனால் அதே வேலையைச் செய்யும்: டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு குழாயின் அடியில் காப்பி நிறத்தில் ஒரு மண்டி நிற்கும், டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆர் ஓடாது. அங்கே மோரின் இடத்தில் பாலிபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி என்ற பொருள், பொதுவாக 2 சதவீதம். மற்றது வழக்கமான சிடிஏபி (செல்லை உடைக்கும் சோப்பு போன்ற பொருள்) முறை: சிடிஏபி 2 சதவீதம், உப்பு 1.4 மோலார், கூடவே டிரிஸ், இடிடிஏ, சிறிது மெர்காப்டோஎத்தனால். உலர்ந்த இலை சுமார் 20 மில்லிகிராம் போதும். 65 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம். பிறகு குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24:1 என்ற அளவில். டிஎன்ஏ கரைந்திருக்கும் மேலடுக்கை மட்டும் உறிஞ்சி எடுத்து ஐசோபுரோப்பனாலில் படிய விடுவது.

புதியவர்கள் செய்யும் தவறு, 'இலை நிறைய, டிஎன்ஏ நிறைய' என்று 100 மில்லிகிராமைத் திணிப்பது. கரைசல் தாங்காது. டிஎன்ஏ கூடுமோ கூடாதோ, பழுப்பும் கோழையும் (செடியின் வழவழப்பான சர்க்கரைப் பொருள்) கூடும். செம்பருத்தி, வெண்டை வகையறாவில் கோழை இன்னும் மோசம். குழாயைக் கவிழ்த்தாலும் ஜெல்லி மாதிரி அப்படியே நிற்கும். டிஎன்ஏவின் தூய்மையை ஒளியால் அளக்கும் அளவுமானியில் 260/280 விகிதம் 1.8 காட்டுகிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம், 260/230 தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோழையும் பீனாலும் அங்கேதான் மாட்டும். பிசிஆர் ஓடாவிட்டால் கூடுதல் டிஎன்ஏ ஊற்றாமல் பத்தில் ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். பல நேரம் அதுவே ஓடிவிடும்.

கிடைத்த டிஎன்ஏ தொடர் (எழுத்து வரிசை) எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு நம் தேசிய மலரைவிட நல்ல உதாரணம் இல்லை. வாண்டா மிஸ் ஜோக்கிம் ஒரு கலப்பின ஆர்க்கிட். பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி 1893இல் அதை விவரித்தபோது பெற்றோர் ஹூக்கெரியானா, டெரெஸ் என்ற இரண்டு வாண்டா இனங்கள் என்று எழுதினார். யார் தாய், யார் தந்தை? பூக்கும் தாவரங்களில் பெரும்பாலும் பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை தருவது, தனக்கென டிஎன்ஏ உள்ளது) தாய்வழி வரும். 2011இல் வெளியான ஆய்வொன்று ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களைப் படித்து, தாய் டெரெஸ் என்றது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கலப்பினம் என்று தெரியாமல் இந்த இரண்டு மரபணுக்களை மட்டும் வைத்து மரம் வரைந்தால், ஜோக்கிம் டெரெஸின் மடியில் போய் உட்காரும். தந்தையின் சுவடே தெரியாது. அதனால்தான் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் படிக்கிறோம். இரண்டு மரங்களும் ஒத்துப்போகாதபோது "தரவு கெட்டுவிட்டது" என்று ஒன்றைத் தூக்கி எறிவது பெரிய தவறு. பழைய கல்யாணங்களின் செய்தி அந்த முரணில்தான் இருக்கும்.

இனி நான் அதிகம் வாதாட விரும்பும் இடம்: சான்று மாதிரி. தொடர் சரியாக இருந்து, செடியின் பெயர் தவறாக இருந்தால்? தாளில் ஒட்டிய செடி ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகத்தில்) இருந்தால் இன்னொருவர் திறந்து பார்த்துத் திருத்தலாம். இல்லாவிட்டால் அந்தத் தொடர் அநாதை. பூங்காவின் ஹெர்பேரியத்தில் சுமார் 750,000 மாதிரிகள் இருப்பது அழகுக்காக அல்ல. தெம்புசு மரத்தின் பேரினப் பெயர் ஃபக்ரேயாவிலிருந்து சிர்ட்டோஃபில்லத்துக்கு மாறியது. தாளும் எண்ணும் இருப்பதால் பழைய பெயரில் செய்த ஆய்வு எதுவும் வீணாகவில்லை.

சிங்கப்பூரில் மாதிரி செய்வதில் முதல் எதிரி ஈரம். செடியைச் செய்தித்தாளில் விரித்து, ஒரு இலையையாவது திருப்பி அடிப்பக்கம் தெரிய வைத்து, அட்டைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, அன்றே 50 முதல் 60 டிகிரி உலர்ப்பியில் வைக்க வேண்டும். ஏசி அறையில் மேசைமேல் வைத்தால் காய்ந்துவிடும் என்று விட்டால் இரண்டு நாளில் பூஞ்சை. களத்தில் உலர்ப்பி இல்லையென்றால் பொட்டலத்தை ஆல்கஹால் ஊற்றிப் பிளாஸ்டிக் பையில் அடைப்பது பழைய வழி. செடி கெடாது, ஆனால் இலை கறுக்கும், டிஎன்ஏ சிதையும். ஆகவே ஆல்கஹாலுக்கு முன்பே இளம் இலையைக் கிழித்துச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட வேண்டும். எடையில் இலை ஒரு பங்கென்றால் ஜெல் பத்துப் பங்கு. ஒரு நாளுக்குள் இலை மொறுமொறுவென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஜெல்லை மாற்றுங்கள். முழு இலையை மடித்துத் திணிப்பவர்களுக்கு நடுவில் பச்சையாக அழுகிய துண்டுதான் கிடைக்கும். காய்ந்த மாதிரி கட்டடத்துக்குள் நுழையுமுன் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் இருக்கட்டும், வண்டு முட்டைகள் சாக.

காய்ந்தால் மறைந்துபோவதை அங்கேயே எழுத வேண்டும்: பூ நிறம், மணம், பால் வடிகிறதா, என்ன நிறப் பால், மரத்தின் உயரம், பட்டை. "அழகான சிறு மரம்" என்று எழுதிய சீட்டு யாருக்கும் உதவாது. இன்னொன்று, இங்கே பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ அனுமதியின்றி ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது; ஆய்வென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புக்கு ஈரச்சந்தையை நான் சிபாரிசு செய்ய அதுவும் ஒரு காரணம். காசு கொடுத்து வாங்கிய பூவை யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 'தாவரவியல் துறை' என்ற பலகை சிங்கப்பூரில் இப்போது இல்லை. 1949இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் ஹோல்ட்டம் முதல் பேராசிரியராக அமர்ந்த துறை, 1996இல் விலங்கியலோடு இணைந்து உயிரியலாகிவிட்டது. பட்டம், பிறகு முனைவர் ஆய்வுக்கு நான்கு ஆண்டு அல்லது மேலே, அதற்குப் பின் ஒப்பந்தத்தில் முதுமுனைவர் பணி, அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தரப் பேராசிரியர் நாற்காலி விரல்விட்டு எண்ணக்கூடியது. அதை மட்டுமே குறிவைத்து இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் செடியைப் பார்த்த மாத்திரத்தில் குடும்பம் சொல்லவும், சரியாக மாதிரி எடுக்கவும், தரவை அலசவும் தெரிந்த ஒருவருக்குக் கதவு ஒன்றல்ல: ஹெர்பேரியம், அருங்காட்சியகம், கட்டுமானத்துக்கு முந்தைய சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், பள்ளி, கல்லூரி. அலச மட்டும் தெரிந்தவர், அலச மட்டும் தெரிந்த ஆயிரம் பேரோடு போட்டி போட வேண்டும்.

கற்பிப்பதை ஆய்வுக்கு இடைஞ்சல் என்று பேசும் பேராசிரியர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பதவி உயர்வுக் கணக்கில் கட்டுரைக்கு இருக்கும் எடை செய்முறை வகுப்புக்கு இல்லை, அதனால் முதலில் வெட்டுப்படுவது செய்முறைதான். பூவுக்குப் பதில் திரையில் பூவின் படம். படத்தில் ஐந்து என்று எழுதியிருந்தால் ஐந்து; மாணவர் எண்ண வேண்டியதே இல்லை. இருபது பேர் வகுப்புக்கு ஐந்து வாழைப்பூ, சவர அலகு, பத்து மடங்கு லென்ஸ், கறை படாமல் கையில் தடவ நல்லெண்ணெய். இரண்டு மணி நேரம். இதற்கு மானியம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

அந்த வாழைப்பூவையே மாதிரியாக்க முயன்றால் தெரியும், அழுத்தவே முடியாது. தடிமன், நீர்ச்சத்து, வடியும் கறை. நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உள்பக்கம் குடைந்து மெலிதாக்கி உலர்த்துங்கள். இரண்டு மூன்று பூக்களைத் தனியே எடுத்து, எதையும் உருவாமல், கள்ளனோடும் கண்ணாடி இதழோடும் 70 சதவீத ஆல்கஹால் குப்பியில் போடுங்கள். மாதிரி எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளேயே இடுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும்.