லண்டன் கச்சேரியும் நம் ஊர் ஸ்பெஷல் தவிலும்

முகூர்த்தம் விடிகாலை நாலரைக்கு. முந்தின இரவு மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் நான் மட்டும் கேமரா கார்டுகளை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அன்று வாசித்த தவில் வித்வான். வயது எழுபதை நெருங்குகிறது. காலைக்கு வேண்டிய கூடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

தவில் கூடு பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துணிக் கீற்றைப் பசையில் தோய்த்து, விரல் கனத்துக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல்லைப்போல் இறுகிவிடும். வலது கை விரல்களில் அதை மாட்டிக்கொண்டுதான் வலந்தலையில், அதாவது தவிலின் வலது பக்கத் தோலில், அடிப்பார்கள். இடது கையில் குச்சி, அது தொப்பிக்கு, இடது பக்கத் தோலுக்கு. பெரியவர் ஒவ்வொரு கூட்டையும் தரையில் லேசாகத் தட்டிக் காதால் சோதித்தார். ஒன்றின் சத்தம் மட்டும் மந்தமாக இருந்தது. அதைத் தனியே எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

கார்டு ஏறி முடிய நேரம் இருந்ததால் ஒரு கச்சேரி வீடியோவைத் திறந்து வைத்திருந்தேன். அமெரிக்காவின் ஃபான்டமாஸ், மெல்வின்ஸ் என்ற இரண்டு ராக் குழுக்கள் ஒரே மேடையில் ஒரே குழுவாக வாசித்த கச்சேரி அது. 2006ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஃபோரம் அரங்கில் படம் பிடித்தார்கள், 2008இல் டிவிடியாக வந்தது. எனக்கு அது பல வருடப் பழக்கம். “என்ன தம்பி, அப்படி உற்றுப் பார்க்கிறீர்கள்?” என்று பெரியவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன்.

அன்றிரவு அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, இந்தப் பதிவை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த இரண்டு குழுக்களைப் பற்றி. மெல்வின்ஸ் 1983இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில் தொடங்கிய குழு. பஸ் ஆஸ்போர்ன் கிட்டார், டேல் க்ரோவர் டிரம்ஸ். எல்லோரும் வேகத்தைத் துரத்திக்கொண்டிருந்த நாளில் சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், கனமாக வாசித்துக் காட்டியவர்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அத்தனை இடைவெளி விடுவார்கள், ஆனாலும் தாளம் தளராது. ஃபான்டமாஸ் 1998இல் உருவானது. அதில் பாடுபவர் மைக் பாட்டன், பேஸ் கிட்டார் ட்ரெவர் டன், டிரம்ஸ் டேவ் லொம்பார்டோ. லொம்பார்டோ கியூபாவில் பிறந்தவர், ஸ்லேயர் என்ற ராக் குழுவில் துரித காலத்துக்கு, வேக நடைக்கு, பேர் வாங்கியவர். அந்தக் குழு 1986இல் வெளியிட்ட ஒரு முழு ஆல்பமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அவ்வளவு ஓட்டம். இரண்டு குழுக்களிலும் கிட்டார் வாசிப்பவர் அதே பஸ் ஆஸ்போர்ன்தான். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் உறவான மாமா ஒருவர் இருந்தால் கல்யாணம் சிக்கலில்லாமல் நடக்குமே, அதுபோல. 2000ஆம் ஆண்டின் கடைசி இரவில் சான்பிரான்சிஸ்கோவில் இவர்கள் இப்படிச் சேர்ந்து வாசித்தது முன்பே இசைத்தட்டாக வந்திருந்தது. லண்டன் கச்சேரியில்தான் அதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

மேடையில் இரண்டு டிரம் செட். ஒன்றில் சௌக்கக்காரர், இன்னொன்றில் துரிதக்காரர். இந்த ஒரு காட்சிக்காகவே நான் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒருவர் அடித்ததையே மற்றவரும் அடித்தால் சத்தம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். இங்கே ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் கை விழுகிறது. க்ரோவர் தூணை நட்டுவைத்ததுபோல் நிற்கிறார், லொம்பார்டோ அதைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். லொம்பார்டோ மூச்சு வாங்கும் இடத்தில் க்ரோவர் நிறைக்கிறார்.

பெரியவர் ஏழெட்டு நிமிடம் ஒன்றுமே பேசவில்லை. கூடு மாட்டாத விரல்கள் மட்டும் முழங்காலில் நடந்துகொண்டிருந்தன. பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிவிட்டுச் சொன்னார்: “அவர் நிறுத்தி அடிக்கிறார். இவர் ஓடுகிறார். ஆனால் அறுதி ஒரே இடத்தில் விழுகிறது, பார்த்தீர்களா?” அறுதி என்றால் தாளக் கட்டு வந்து முடிகிற இடம்.

பாட்டனைக் காட்டி, “இவர் என்ன பாஷை பாடுகிறார்?” என்றார். ஃபான்டமாஸின் முதல் ஆல்பத்தில் வார்த்தைகளே கிடையாது, வெறும் ஒலிகளாகவே முப்பது உருப்படிகள் என்று சொன்னேன். “பாஷை இல்லையென்றால் அது சொல்தான்” என்றார். தவில்காரர்களுக்குச் சொல் என்றால் தாளச் சொல். ததிங்கிணதொம் என்பதற்கு அகராதியில் பொருள் கிடையாது, ஆனால் அதைத் தவறாகச் சொன்னால் பிரம்பால் அடி வாங்கியிருக்கிறார்கள். லண்டன் மேடையில் பாட்டன் கத்துகிறார், முனகுகிறார், குழந்தைபோல் மழலை பேசுகிறார் என்று நான் பதினைந்து வருடமாக நினைத்திருந்ததை அவர் ஒரே வார்த்தையில் சரியான இடத்தில் வைத்துவிட்டார். சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டை மல்லாரி வாசிக்கிறார்களே, அதற்கும் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. தெருமுனையில் அதைக் கேட்டுக் கைகூப்புகிறவர்கள் யாரும் பொருள் கேட்டதில்லை.

இந்த இசையை நான் கேட்கும்போதெல்லாம் நண்பர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: “இது இசையா, இரைச்சல்.” காவிரிக்கரையில் பிறந்தவர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நாலு வீதிக்கும் கேட்கும்படி செய்யப்பட்ட வாத்தியங்கள் நம்முடையவை. தவிலுக்குப் பலா மரத்தைக் குடைந்த உடல், இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிய தோல். நாகஸ்வரமோ நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நாள்பட்ட மரம்தான் அதற்கு உகந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு வேண்டிய கொறுக்கைத் தட்டை ஆற்றங்கரையில் விளைகிறது. ஓசை பெரிதாக இருப்பதை இந்த மண் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. நெஞ்சுக்குழி அதிரக் கேட்டு வளர்ந்த நாம், அதே அதிர்வு கிட்டார் வழியாக வந்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வது நியாயமா?

அது வெளியிலிருந்து வந்த சங்கதி என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளை எடுத்து அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி கையில் வயலின் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். நம் பெரியவர்களின் காதுகள் திறந்தே இருந்தன.

இரண்டு குழு ஒரு மேடையில் சேர்வதும் நமக்குப் புதிதல்ல. என் சிறுவயதில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் ரிஷப வாகனத்துக்கு இரண்டு செட்டு மேளம் வரும், கூடவே ஸ்பெஷல் தவில் இருவர். ஸ்பெஷல் தவில் என்றால் எந்தச் செட்டிலும் நிரந்தரமாக இல்லாமல், அவருக்கென்றே தனியாகப் பேசி அழைத்துவரும் வித்வான். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசிக்க வருகிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போவோம் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நள்ளிரவு தாண்டி மேலவீதி முனையில் சுவாமி நின்றுவிடும். நாயனம் ஓய்ந்து, தவில் மட்டும் வாசிக்கும் தனி தொடங்கும். ஒரு மணி நேரம், சில வருடம் அதற்கும் மேல். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள், முன்னே பின்னே ஒத்திகை பார்க்காதவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி ஒரே கோர்வையில், அந்த முடிவுத் தாளக் கட்டில், போய் விழுவார்கள். தாளக்காரர் மட்டும் அசையாமல் நிற்பார். நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அதில் ஒரு நிமிடம்கூடப் பதிவாக இல்லை.

என் ஆற்றாமை இதுதான். லண்டனில் ஓர் இரவு நடந்ததை இருபது வருடம் கழித்து ஒரு மண்டபத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம், யார் கை எப்போது விழுகிறது என்று ஒரு தவில் வித்வான் எண்ணிச் சொல்கிறார். அவருடைய ஐம்பது வருட வாசிப்பை யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டின் அளவு, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். அப்போது எல்லோரிடமும் கருவி இல்லை. இன்று எல்லார் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. இருந்தும் கிடைப்பது மூன்று நிமிடம்தான், அதுவும் பாதியில் யாரோ கையசைக்கும் முதுகு.

என்னுடைய தொழிலும் இதற்குப் பொறுப்பு. பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கெட்டிமேளம் கொட்டும்போது என் கேமரா தாலியில் இருக்கும், அது சரி. மற்ற நேரம்? நாயனம் வாசிக்கும்போது கேமரா வாசல் அலங்காரத்தில், பட்டுப்புடவையில், மேலே பறக்கும் டிரோனில். எடிட்டிங்கில் மேளச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போடுகிறோம், நானும் நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். ஒலியும் அப்படித்தான். கேமராவைத் தானியங்கி ஒலி அளவில் விட்டுவிட்டால், வலந்தலையில் ஓர் அடி விழுந்ததும் அது பயந்து எல்லாச் சத்தத்தையும் கீழே இறக்கிவிடும். நாகஸ்வரத்தின் கார்வை அமுங்கிப்போகும். தொப்பியின் கனம் வரவே வராது. வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்கள் மேளம் என்றால் காதைக் கிழிக்கும் சத்தம் என்று நினைப்பதற்கு நாங்கள் எடுத்த விதமும் ஒரு காரணம்.

தொலைக்காட்சியில் ஃபியூஷன் என்று நடத்துகிறார்களே, அதைப் பதிவு என்று சொல்லாதீர்கள். அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு நான் உதவியாளனாகப் போயிருந்தேன். டிரம் செட்டுக்கு ஆறு மைக் வைத்தார்கள். தவிலுக்கு ஒரே ஒரு மைக், அதுவும் வலந்தலைப் பக்கம் மட்டும். ஒத்திகையில் வித்வானிடம் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொன்னார்கள். இவர் நாலு ஆவர்த்தம் (தாளச் சுற்று), அவர் நாலு ஆவர்த்தம், கடைசியில் கைதட்டல். முறை வைத்து வாசிப்பதைச் சேர்ந்து வாசிப்பது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லண்டன் கச்சேரியில் யாரையும் யாரும் அடக்கச் சொல்லவில்லை. மெல்வின்ஸின் உருப்படியை ஃபான்டமாஸ் தூக்கிப் பிடிக்கிறது, ஃபான்டமாஸின் வெட்டு வெட்டான உருப்படிக்குள் மெல்வின்ஸின் கனம் இறங்குகிறது. அந்த நம்பிக்கை நம் மேலவீதியில் இருந்தது. கேமரா வைக்கத்தான் ஆள் இல்லை.

நாலு மணிக்குப் பெரியவர் எழுந்து முகம் கழுவி விபூதி பூசிக்கொண்டு வந்தார். நாடாவைத் தோளில் மாட்டும் முன்பு கேட்டார்: “தம்பி, அந்த ஊர்க்காரர்கள் கையைக் காட்டியதுபோல் நம் கையையும் காட்டி ஒன்று எடுக்க முடியுமா?” அன்று முகூர்த்தம் முடிந்து ஊஞ்சல் வரை ஒரு கேமராவை அவர் விரல்களிலிருந்து நகர்த்தவே இல்லை. கல்யாண வீட்டார் பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ தெரியாது.

வரும் வைகாசி ஐந்தாம் நாளுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பேசிவிட்டேன். அவர் ஒரு ஸ்பெஷல், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவரை அவரே அழைத்துவருகிறார். கேமரா மூன்று நான் கொண்டுவருவேன். ஒவ்வொரு தவிலுக்கும் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என நாலு மைக், நாகஸ்வரத்துக்கு இரண்டு, எட்டுத் தடம் தனித்தனியாகப் பதியும் கருவி ஒன்று தேவைப்படுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் யாரிடமாவது இருந்தால் ஓர் இரவுக்குக் கொடுங்கள். வாடகை தருகிறேன். நள்ளிரவு தாண்டித்தான் தனி தொடங்கும், ஆகவே மாற்று பேட்டரியோடு வாருங்கள்.