பயாலஜிக்கு டியூஷன் தேடுறவங்களுக்காக (நீளமான பதிவு, பொறுமையா படிங்க)

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்துட்டா போதும், எங்க தெருவுலயும் சரி சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துலயும் சரி, "பயாலஜிக்கு நல்ல டியூஷன் எங்க இருக்கு"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. மேத்ஸ்க்கு ஆள் கேட்டா தெருவுக்கு ரெண்டு பேரை கை காட்டுவாங்க, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு வாசல்லயே போர்டு தொங்கும். பயாலஜின்னு கேட்டா மட்டும் "அது படிச்சாலே வந்துடுமே, அதுக்கு எதுக்கு தனியா டியூஷன்"னு பதில் வருது. இந்த நெனப்புதான் நம்ம பிள்ளைங்களோட பயாலஜிய கெடுக்குதுன்னு நான் உறுதியா நம்புறேன். ஏன்னா மனப்பாட சப்ஜெக்ட்னு நாமளே முடிவு பண்ணிட்டா, மனப்பாடம் பண்ண வைக்கிற ஆளைத்தான் தேடுவோம், அப்படி ஆள் ஈஸியா கெடச்சிடும், நோட்ஸ் குடுப்பாங்க, டெஸ்ட் வைப்பாங்க, பிள்ளையும் ஒப்பிச்சிடும், ஆனா கேள்விய கொஞ்சம் திருப்பி கேட்டா பேந்த பேந்த முழிக்கும்.

நாங்க இருக்கிறது திருச்சி. பொண்ணு ப்ளஸ் டூ, பயோ மேத்ஸ் க்ரூப், ஸ்டேட் போர்டு. அவளுக்கு ஆள் தேடினப்ப பாத்தது, அக்கா பையனுக்கு தேடினப்ப பாத்தது எல்லாத்தையும் வெச்சுதான் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. டியூஷன் தேடுறதுக்கு முன்னாடி பிள்ளையோட பழைய பரிட்சை பேப்பரை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காருங்க. மார்க்கை பாக்காதீங்க, மார்க் எங்க போச்சுன்னு பாருங்க. உதாரணத்துக்கு இரட்டைக் கருவுறுதல் கேள்வி. ஒரு ஆண் கேமீட் முட்டையோட சேருது, சைகோட் ஆகுதுன்னு எழுதியிருப்பா, இன்னொண்ணு துருவ உட்கருக்களோட சேர்ந்து எண்டோஸ்பெர்ம் ஆகுதுன்னும் எழுதியிருப்பா, ஆனா அந்த எண்டோஸ்பெர்ம் 3n (மூணு செட் குரோமோசோம்), அந்த சேர்க்கைக்குப் பேரு மூவிணைவுங்கிறது இருக்காது, படத்துல பாதி பாகத்துக்கு பேர் குறிச்சிருக்க மாட்டா. இது புரியாத பிரச்சனை இல்ல, எழுதிப் பழகாத பிரச்சனை. அதுவே ஜெனிடிக்ஸ்ல ரெண்டு பண்பு கலப்புக்கு 9:3:3:1ன்னு டக்குன்னு சொல்ற பிள்ளை, அதே முதல் தலைமுறை செடிய சோதனைக் கலப்பு (ரெண்டு பண்பும் ஒடுங்கின செடியோட கலக்கறது) பண்ணினா என்ன விகிதம் வரும்னு கேட்டா 1:1:1:1ன்னு போட்டு காட்டத் தெரியாம நிக்குதுன்னா அது புரியாத பிரச்சனை. ரெண்டுக்கும் வேற வேற வைத்தியம். முதல் வகைக்கு டியூஷனே வேணாம், வாரம் ஒரு பாடத்துல ரெண்டு அஞ்சு மார்க் கேள்விய டைம் வெச்சு எழுத வெச்சு ஸ்கூல் மிஸ்கிட்டயே திருத்திக் குடுக்க சொன்னா போதும், நெறைய மிஸ்ங்க சந்தோஷமா திருத்தி தருவாங்க, நாம கேக்கறதில்ல அவ்வளவுதான்.

ரெண்டாவது விஷயம், "ஆல் சயின்ஸ்" டியூஷன். பத்தாவது வரைக்கும் ஒருத்தரே எடுக்கலாம், தப்பில்ல, அங்க சயின்ஸ் ஒரே பேப்பர், தியரி 75 பிராக்டிகல் 25. ஆனா அங்கயும் பாருங்க, சொல்லித் தர்றவர் மேத்ஸ் இல்லன்னா பிசிக்ஸ் படிச்சவரா இருந்தா கணக்கு வர்ற பாடமெல்லாம் போர்டுல போட்டு நடத்திட்டு, பயாலஜி வந்தா மட்டும் "இத வீட்டுல படிச்சிட்டு வாங்க டெஸ்ட் வைக்கிறேன்"னு விட்டுடுவார். ப்ளஸ் ஒன்ல இருந்து மூணையும் ஒரே ஆள் எடுக்கறார்னு சொன்னா எனக்கு நம்பிக்கை வராது. பிசிக்ஸ்ல டெரிவேஷனும் கணக்கும் வேணும். கெமிஸ்ட்ரியே உள்ளுக்குள்ள மூணா இருக்கு, ஆர்கானிக் நல்லா எடுக்கறவர் இன்ஆர்கானிக்க நோட்ஸோட முடிச்சிடறதும் உண்டு. பயாலஜி தாவரவியல் விலங்கியல்னு ரெண்டா பிரிஞ்சு பேப்பர்ல 35, 35ன்னு சரிபாதி வருது. ப்யூர் சயின்ஸ் க்ரூப் எடுத்த பிள்ளைக்கு இந்த ரெண்டும் தனித்தனி சப்ஜெக்ட், தனித்தனியா 100 மார்க். அதனால "சார் பயாலஜி எடுப்பார்"னு யாராவது சொன்னா "பாட்டனியா, சுவாலஜியா, அவர் டிகிரி எதுல"ன்னு கேட்டுடுங்க, இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. சுவாலஜி படிச்சவர் பாட்டனி எடுக்கவே கூடாதுன்னு சொல்லல, ஆனா எதுல அவர் பலம்னு தெரிஞ்சு போய் சேருங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், டெமோ க்ளாஸ். பேனர்ல போட்டோ போட்டிருக்கிற பிள்ளைங்களோட மார்க்கை பாத்து சேக்காதீங்க, அந்த பிள்ளைங்க அங்க சேரும்போதே எப்படி இருந்தாங்கன்னு நமக்கு தெரியாது. ஒரு மணி நேரம் டெமோ கேளுங்க, முடிஞ்சா நீங்களும் ஓரமா உக்காருங்க.

எங்க வீட்டுக்கு டெமோ எடுக்க வந்த ஒரு மிஸ் இங்க திருச்சியில ஒரு காலேஜ்ல எம்.எஸ்சி பாட்டனி முடிச்சிட்டு பிஎச்.டி பண்றவங்க. சூல் ஒட்டுமுறை (பின்னாடி விதையாகப் போற சூல் பூவுக்குள்ள எங்க ஒட்டியிருக்குங்கிறது) எடுக்கச் சொன்னோம், ப்ளஸ் ஒன் பாடம், பொண்ணுக்கு சுத்தமா மண்டையில ஏறாத பகுதி. அந்த மிஸ் புக்கையே தொறக்கல. வாசல்ல இருந்த செம்பருத்தியில ஒரு பூவ பறிச்சுட்டு வந்து, இதழை எல்லாம் எடுத்துட்டு, அடியில குண்டா இருக்கிற சூலகத்தை பிளேடால குறுக்க வெட்ட சொன்னாங்க. "எத்தன அறை தெரியுது"ன்னு கேட்டாங்க. பொண்ணு வெளிச்சத்துல புடிச்சு எண்ணிட்டு அஞ்சுன்னா. "சூல் எல்லாம் எங்க ஒட்டியிருக்கு, வெளிப்பக்கமா நடுவுலயா?" நடுவுல. அப்புறம் என்னைப் பாத்து "அக்கா, வீட்டுல வெண்டைக்காய் இருக்கா"ன்னாங்க. ஒண்ணை எடுத்துக் குடுத்தேன், அதையும் குறுக்க வெட்டி பக்கத்துல வெச்சாங்க, அதே அஞ்சு அறை, அதே மாதிரி விதை எல்லாம் நடு அச்சுல ஒட்டிக்கிட்டு இருக்கு. பொண்ணே கேட்டா, "மிஸ், ரெண்டும் ஒரே குடும்பமா?" ஆமாம்மா, மால்வேசின்னாங்க. பச்சைப் பட்டாணி வாங்கினா தோலை பிரிச்சு விதை எங்க ஒட்டியிருக்குன்னு பாத்து வை, அடுத்த க்ளாஸ்ல நீதான் எனக்கு சொல்லணும்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் புக்கை தொறந்தாங்க. அச்சு சூல் ஒட்டுமுறை, விளிம்பு சூல் ஒட்டுமுறைன்னு அவ இப்ப எழுதுறதை பாக்கணும், படம் போடுற கையில ஒரு தயக்கமே இல்ல.

இதுக்கு லேப் வேணாம், ஏசி ரூம் வேணாம், ஸ்மார்ட் போர்டு வேணாம். பாடத்தை கையில எடுத்துக் குடுக்கத் தெரிஞ்ச ஒருத்தர் போதும்.

சுவாலஜிக்கு நான் வேற ஒரு வழி வெச்சிருந்தேன். டெமோல நெஃப்ரான் (சிறுநீரகத்துல ரத்தத்தை வடிகட்டி சிறுநீர் உண்டாக்குற சின்னக் குழாய்) எடுக்க சொல்லிட்டு, பாடம் முடிஞ்சதும் பொண்ணை விட்டு ஒரு கேள்வி கேக்க சொல்லுவேன்: "அந்தக் குழாயில வர்ற ஹென்லே வளைவு ஏன் வளைஞ்சு போகணும், நேரா இருந்தா என்ன?" ஒருத்தர் சொன்னார், "அதெல்லாம் பரிட்சைக்கு வராதும்மா, டெஃபனிஷன் எழுதிக்கோ." இன்னொரு சார் சட்டுன்னு நிமிந்து உக்காந்தார், இறங்கு தூம்புல தண்ணி வெளிய போகும், ஏறு தூம்புல உப்பு மட்டும் வெளிய போகும் தண்ணி போகாது, ரெண்டும் எதிரெதிர் திசையில ஓடறதாலதான் சிறுநீரகத்தோட உள்பகுதியில உப்பு சேந்துகிட்டே போகுது, அந்த உப்புதான் சேகரிப்பு நாளத்துல இருந்து தண்ணிய இழுத்து உடம்புக்கு திருப்பித் தருதுன்னு படம் போட்டே சொன்னார், சொல்லிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார், "அப்ப பாலைவனத்துல தண்ணியே குடிக்காம வாழுற எலிக்கு இந்த வளைவு நீளமா இருக்குமா, குட்டையா இருக்குமா?" பொண்ணு யோசிச்சு "நீளமா சார்"னா. அந்த சார்தான் இப்ப எடுக்கறார். பிள்ளை கேள்வி கேட்டா முகம் மலருதா சுளிக்குதான்னு பாருங்க, அது ஒண்ணுலயே பாதி தெரிஞ்சிடும்.

நீட் விஷயத்துக்கு வருவோம், இதுல பெத்தவங்க நெறைய பேர் குழம்புறாங்க. நீட்ல மொத்தம் 180 கேள்வி, 720 மார்க், அதுல பயாலஜி மட்டுமே 90 கேள்வி 360 மார்க், சரிபாதி. சரியான பதிலுக்கு நாலு, தப்புன்னா ஒண்ணு கழியும். அங்க என்சிஈஆர்டி புக்கை வரி வரியா படிச்சிருக்கணும். போர்டு பரிட்சையில எழுதணும், படம் போடணும், படிப்படியா விளக்கணும். ரெண்டும் வேற வேலை. நீட் கோச்சிங் போற பிள்ளைக்கு போர்டு பயாலஜி தானா வந்துடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க, நாள் பூரா ஓஎம்ஆர் ஷீட்ல வட்டம் நிரப்புன பிள்ளை பக்கம் பக்கமா எழுதணும்னா திணறுது. அதுவும் நம்ம தமிழ்நாட்டுல போர்டு மார்க்குக்கு இன்னும் மதிப்பு இருக்கு. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு சீட்டும், அக்ரி சீட்டும் ப்ளஸ் டூ மார்க்கை வெச்சுதான் குடுக்கறாங்க, அங்க அரை மார்க்குல சீட்டு கை மாறும். எம்பிபிஎஸ் கெடைக்கலைன்னா வெட்னரி போகலாம்னு கடைசி நேரத்துல யோசிக்கிற வீடு எத்தனையோ, அப்ப போர்டு பயாலஜி மார்க் இல்லாம பிள்ளை அழுகுறத பாக்க சகிக்கல. அதனால டியூஷன் பேசும்போதே "போர்டுக்கா நீட்டுக்கா, ரெண்டுக்கும்னா எழுத்துப் பயிற்சி யார் பாத்துக்குவாங்க"ன்னு தெளிவா கேளுங்க.

அக்கா பையன் தமிழ் மீடியம், அவனுக்கு ஆள் தேடினது இன்னும் கஷ்டம். சேர்ந்த எடத்துல இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களோட ஒண்ணா உக்கார வெச்சு இங்கிலீஷ் நோட்ஸே குடுத்தாங்க, அவன் ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணையும் தமிழ் புக்குல தேடிக்கிட்டு இருந்தான். படிக்கிற நேரம் பூரா தேடுறதுலயே போச்சு. தமிழ் மீடியம் பிள்ளைன்னா அந்த புக்கையே கையில வெச்சு நடத்துவாரான்னு மொதல்லயே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. பாடநூல் எல்லாம் தமிழ்நாடு அரசே பிடிஎஃப்பா இலவசமா போட்டிருக்கு, ரெண்டு மீடியமும் இருக்கு, டெமோவுக்கு முன்னாடியே சொல்லித் தர்றவருக்கு அனுப்பிடலாம்.

ஆள் எங்க கெடைப்பாங்கன்னு கேக்குறீங்கல்ல, என் அனுபவத்துல காலேஜ்ங்கதான் பெஸ்ட். திருச்சியில செயின்ட் ஜோசப்ஸ், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, ஹோலி கிராஸ்னு இத்தன காலேஜ் இருக்கு, பாரதிதாசன் யுனிவர்சிட்டி இருக்கு, எம்.எஸ்சி படிக்கிற பிள்ளைங்க, பிஎச்.டி பண்றவங்க, படிச்சு முடிச்சிட்டு பி.எட் பண்ணிக்கிட்டு வேலைக்கு காத்திருக்கவங்க நெறைய பேர். தெரிஞ்ச லெக்சரர் யாராவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ரிட்டயர் ஆன ஸ்கூல் மிஸ்ங்க இன்னொரு பொக்கிஷம், அவங்க பேப்பர் திருத்துன கை, எந்த வார்த்தைக்கு மார்க், எந்த லேபிள் விட்டா மார்க் போகும்னு அத்துப்படி. ஆனா பிள்ளையோட ஸ்கூல்லயே பாடம் எடுக்கற டீச்சர்கிட்ட டியூஷன் போறது எனக்கு உடன்பாடில்ல. க்ளாஸ்ல சொல்ல வேண்டியதை வீட்டுக்கு வர வெச்சு சொல்ற பழக்கம் அங்கதான் ஆரம்பிக்குது, டியூஷனுக்கு காசு கட்ட முடியாத பிள்ளை க்ளாஸ்ல சும்மா உக்காந்திருக்கும். கல்வி உரிமைச் சட்டத்துல 28வது பிரிவு டீச்சருங்க தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னே சொல்லுது.

பீஸ் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன், மாசா மாசம் குடுங்க. வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடி, ஆப்புக்கு இஎம்ஐ, டேப்லெட் ஃப்ரீன்னு வீட்டுக்கே வந்து பேசுவாங்க, எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்படி லோன்ல மாட்டிக்கிட்டு பிள்ளை அந்த ஆப்பை தொறக்காத மாசத்துக்கும் தவணை கட்டுச்சு. ஆன்லைன் தப்புன்னு சொல்லல, நல்ல மிஸ் தூரத்துல இருந்தா ஆன்லைன்ல எடுக்கலாம், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் இல்லன்னா நாலஞ்சு பேர் இருக்கணும், பிள்ளை போடுற படத்தை கேமராவுல அவங்க பாக்கணும்.

பாதுகாப்பையும் சொல்லிடுறேன். பொண்ணோ பையனோ, வீட்டுக்கு வந்து எடுக்கறவரா இருந்தா ஹால்லயே உக்கார வைங்க, வீட்டுல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும். பிள்ளை அங்க போறதா இருந்தா அந்த எடத்தை ஒரு தடவையாவது நேர்ல போய் பாருங்க. திடீர்னு ஒரு நாள் "நான் போகல"ன்னு சொன்னா படிக்க சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க, பக்கத்துல உக்கார வெச்சு காரணத்தை கேளுங்க.

சேத்ததுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னா, செப்டம்பர்ல காலாண்டு வரும். அந்த பேப்பர் வந்த உடனே பழைய பேப்பரோட பக்கத்துல வெச்சு பாருங்க. அதே எடத்துல அதே மாதிரி மார்க் போயிருந்தா ரெண்டு பேப்பரையும் எடுத்துக்கிட்டு சார்கிட்டயோ மிஸ்கிட்டயோ போய் மரியாதையா பேசுங்க, நல்லவங்களா இருந்தா தப்பா எடுத்துக்க மாட்டாங்க, இந்த பாடத்தை திருப்பி எடுக்கறேன்னு அவங்களே சொல்லுவாங்க. "பிள்ளை சரியா படிக்கல"ன்னு மட்டும் பதில் வந்தா அரையாண்டு வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த மாசமே ஆளை மாத்துங்க.