கட்டற்ற மென்பொருளில் உதவி கேட்பதும் சொல்வதும்

"லிப்ரே ஆபிஸில் தமிழ் வரவில்லை, அர்ஜென்ட், ப்ளீஸ் ஹெல்ப் சார்." லிப்ரே ஆபிஸ் என்பது கடிதம், கணக்கு போன்றவற்றுக்கான கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தருவது. அதற்கான உதவிக் குழுக்களில் இந்த ஒரு வரியை எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டேன். கேட்டவர் மரியாதைக்குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு யாராலும் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. உதவிக் குழுக்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தாலே வணக்கம் சொல்வது, நன்றி சொல்வது, கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது என்ற அளவோடு நிறுத்திவிடுகிறோம். சம்பளம் வாங்காமல், தன் சாப்பாட்டு நேரத்திலோ தூங்கப் போகும் முன்போ பதில் எழுதுகிறவருக்கு நாம் தரவேண்டிய முதல் மரியாதை விவரம். அடுத்தது, சரியானபின் திரும்பி வந்து சொல்வது. இவை இரண்டும் இருந்தால் 'சார்' போடாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்பதுதான் என் கருத்து.

'தமிழ் வரவில்லை' என்பதையே எடுத்துக்கொள்வோம். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரிகிறதா? நடுநடுவே நிறைய அரைப்புள்ளி இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் உட்கார்ந்திருக்கும், அதனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். இதற்கு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி, லிப்ரே ஆபிஸில் எந்தக் கோளாறும் இல்லை. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறதா? அப்படியானால் கோப்பு யூனிகோடில்தான் இருக்கிறது, கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, ஒன்றை நிறுவினால் முடிந்தது. எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் கூடவே தெரிகிறது என்றால் அது எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையில் வரும் சிக்கல், அதற்கு வேறு மருந்து. மூன்றையுமே கேட்பவர் 'தமிழ் வரவில்லை' என்றுதான் எழுதுவார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். ஆனால் திரையில் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி எழுதியிருந்தால், அல்லது ஒரு படம் பிடித்துப் போட்டிருந்தால், முதல் பதிலிலேயே வேலை முடிந்திருக்கும்.

பதிப்பு எண்ணைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. அரசு அலுவலகத்தில் ஜெராக்ஸ் காப்பி கேட்டு அலைக்கழிப்பதைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நாங்கள் அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பில்தான் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே நிரல் தொகுப்பிடம் ஒப்படைத்தது. அதற்கு முன் அந்தந்த இயங்குதளத்தின் கருவியை நம்பியிருந்ததால் ஒரே கோப்பு ஒரு கணினியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் கோணலாகவும் தெரிய வாய்ப்பு இருந்தது. ஆக, பழைய பதிப்பை வைத்திருப்பவருக்கு ஒரு பதில், புதியதை வைத்திருப்பவருக்கு வேறு பதில். உதவி மெனுவில் கடைசியாக இருக்கும் 'பற்றி' சாளரத்தைத் திறந்தால் பதிப்பு, இயங்குதளம், மொழி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், பக்கத்திலேயே நகலெடுக்கும் பொத்தானும் இருக்கிறது. அழுத்தி ஒட்டினால் போதும். அதே மெனுவில் பாதுகாப்பு முறையில் மீண்டும் தொடங்கும் வசதியும் உண்டு. அப்படித் திறந்தபோது பிரச்சினை போய்விட்டதா இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்பவர் பாதி தூரம் கடந்துவிடுவார்.

இன்னொன்று, உண்மையான தேவையைச் சொல்லுங்கள். "உபுண்டுவில் பாமினி எழுத்துருவை எப்படி நிறுவுவது?" என்று, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பற்றிக் கேள்வி வரும். நாலு பேர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்கள், அவரும் நிறுவிவிடுவார். அப்புறம் மெதுவாகத் தெரியும், அவர் அந்தக் கட்டுரையை ஒரு பதிப்பகத்துக்கு யூனிகோடில் அனுப்ப வேண்டும். எழுத்துருவை நிறுவியதால் அவருக்குத் திரையில் தமிழ் தெரிகிறதே தவிர கோப்பு பழைய குறியீட்டிலேயேதான் இருக்கிறது. 'பதிப்பகம் யூனிகோட் கேட்கிறது' என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும். தமிழ்நாட்டு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் பாமினியிலும் தட்டிய கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன, எனவே இந்தக் கேள்வி சீக்கிரம் ஓயப்போவதில்லை.

கோப்பை இணைக்கச் சொன்னால் முழுக் கோப்பையும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஒரு அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கை, ஆதார் எண்ணோடு கூடிய பயனாளிகள் பட்டியல் என்று பொதுவெளியில் வரவே கூடாத தாள்கள் வந்து விழுகின்றன. ஒரு நகல் எடுத்து, பிரச்சினை தெரியும் இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு அனுப்புங்கள். அந்த இரண்டு வரியிலும் பிரச்சினை இருந்தால் ஆராய்வதும் எளிது. எரர் செய்தியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், தேடிப் பார்க்க முடியும். எழுத்துருச் சிக்கலுக்கு மட்டும் படம்தான் வேண்டும், அங்கே எழுத்தை ஒட்டினால் என் கணினியில் அது ஒழுங்காகத் தெரிந்துவிடும்.

இன்பாக்ஸுக்கு வராதீர்கள் என்று சொன்னால் திமிர் என்று நினைக்கிறார்கள். பொதுவில் கேட்டால் நான் தூங்கினாலும் இன்னொருவர் பதில் சொல்வார், நான் தவறாகச் சொன்னால் ஒருவர் திருத்துவார், அடுத்த வருடம் இதே சிக்கலில் மாட்டுகிறவர் தேடிக் கண்டுபிடிப்பார். இன்பாக்ஸில் சொன்னது இரண்டு பேரோடு முடிந்துவிடும். அதே காரணத்துக்காகத்தான் 'சரியாகிவிட்டது, நன்றி' என்பதோடு நிறுத்தாமல் எதைச் செய்தபின் சரியானது என்றும் எழுதச் சொல்கிறேன். மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருப்பார்கள், எது வேலை செய்தது என்பது கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும். தேடி வருகிறவருக்குப் பாதியில் நின்றுபோன உரையாடலை விட எரிச்சல் தருவது எதுவும் இல்லை. கேள்வியையே அழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், பதில் எழுதிய நாலு பேரின் உழைப்பும் அதோடு போகிறது.

'அர்ஜென்ட்' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவசரம் உங்களுடையதாக இருக்கலாம், பொய் என்று சொல்லவில்லை. ஆனால் லிப்ரே ஆபிஸ் உட்பட இந்த மென்பொருள்கள் அனைத்தின் உரிமத்திலும் எந்த உத்தரவாதமும் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உத்தரவாதம் வேண்டுமென்றால் காசு வாங்கிக்கொண்டு ஆதரவு தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. நூறு கணினியில் இலவசமாக நிறுவிக்கொண்ட ஒரு அலுவலகம், தன்னார்வலரிடம் 'இன்னும் ஏன் பதில் இல்லை' என்று கேட்பது நியாயமே இல்லை. இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. உலகம் முழுக்கக் கணக்கில்லாத கருவிகளுக்குள் இருக்கும், இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு 2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற வேறொரு மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை பற்றிய பரபரப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். இத்தனைக்கும் கர்லில் லாக்4ஜே இல்லவே இல்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதிவிட்டார், கடிதத்தையும் நிறுவனத்தின் பெயரை மறைத்துப் பொதுவில் போட்டார். அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி.

தன்னார்வலரை நச்சரிப்பது வெறும் பண்புக்குறைவு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் எக்ஸ்இசட் கதையை அறிந்துகொள்ள வேண்டும். லினக்ஸ் உலகம் முழுக்கப் பயன்படும் அந்த, கோப்புகளைச் சுருக்கும் கருவியைப் பல வருடங்களாகக் கிட்டத்தட்ட ஒரே ஆளாகக் கவனித்துவந்தவர் லாஸே காலின். 2022-ல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்கு அழுத்தம் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம், உங்களால் முடியவில்லையென்றால் வேறொருவரிடம் கொடுங்கள் என்ற தொனி. தனக்கு நீண்ட காலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்பதையும் அவர் பொதுவிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் பொறுமையாக, பணிவாக, வேலை செய்துகொடுத்தபடி நின்ற ஜியா டான் என்ற பெயருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் அந்தப் பெயர் ஒரு ரகசியப் பின்கதவை, அதாவது பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழியை, சேர்த்திருந்தது. நச்சரித்த பெயர்களும் அதே திட்டத்தின் பகுதி என்றுதான் பலரும் கருதுகிறார்கள். நச்சரிப்பு அங்கே யாருக்கும் வித்தியாசமாகவே படவில்லை, எல்லா இடத்திலும் பயனர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள். தாக்க வந்தவர் நம் கெட்ட பழக்கத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ள முடிந்தது. இது என்னை இன்றைக்கும் கலங்கடிக்கிறது.

அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த விதமும் இந்தப் பேச்சுக்குப் பொருந்தும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார், விடாமல் தோண்டினார், 2024 மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். என்ன பார்த்தேன், எந்தப் பதிப்பில், எவ்வளவு தாமதம், எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்து எழுதிய அறிக்கை அது. நாம் எல்லோரும் அவ்வளவு ஆழமாகப் போக வேண்டியதில்லை. ஆனால் பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுவது யாராலும் முடியும்.

சரி, பதில் சொல்கிறவர்கள் பக்கம் வருகிறேன். 'கூகுள் பண்ணிப் பாருங்க' என்று மட்டும் எழுதுவதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம். கேட்டவர் தேடாமல் இருந்திருக்க மாட்டார், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரியாமல் இருந்திருப்பார். அந்தச் சொல்லைக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி. 'முதலில் இந்த டிஸ்ட்ரோவைத் தூக்கிப்போட்டுவிட்டு அதைப் போடு' என்று வேறு லினக்ஸ் வகைக்கு மாறச் சொல்வது பதிலே கிடையாது. புதிதாக வந்தவரிடம் எல்லாக் கோப்பையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பவரை ஒரே ஒரு முறை செய்தாலும் குழுவிலிருந்து நீக்க வேண்டும், எச்சரிக்கைகூட வேண்டாம். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டார்வால்ட்ஸே தன் கடுமையான பேச்சுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அந்தச் சமயத்தில்தான் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலை எழுதும் குழுவுக்கு வந்தன. திறமை இருந்தால் எப்படியும் பேசலாம் என்ற வாதத்தை இனி யாரும் கொண்டுவர வேண்டாம்.

தெரியாததை ஏஐயிடம் கேட்டு அப்படியே ஒட்டுவதும் இப்போது பெருகிவிட்டது. மெனுவிலேயே இல்லாத ஒரு தேர்வைச் சொல்லும், கேட்டவர் அரை மணி நேரம் அதைத் தேடிக்கொண்டிருப்பார், தனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நொந்துகொள்வார். உங்கள் கணினியில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அல்லது செய்து பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

ஒரு பெண் கேள்வி கேட்டால் பொதுவில் ஒரு பதிலும் இன்பாக்ஸில் பத்து 'ஹாய்'யும் போகின்றன. இதனால் பெயரை மாற்றிக்கொண்டு கேட்பவர்களை, கேட்காமலே விட்டுவிடுபவர்களை எனக்குத் தெரியும். இதைச் சின்ன விஷயமாக நடத்துகிற நிர்வாகிகள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். கேட்ட கேள்விக்குக் கேட்ட இடத்தில் பதில் சொல்ல முடியாதவர் யாருக்கும் உதவ வரவில்லை, வெளியே அனுப்புங்கள்.

கடைசியாக, ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழில் வரும் கேள்விகளில் சில உண்மையிலேயே மென்பொருளின் பிழைகள். அவை லிப்ரே ஆபிஸின் பிழைப் பதிவுத் தளத்தில் ஆங்கிலத்தில் பதிவானால்தான் சரிசெய்கிறவர் கண்ணில் படும். 'அங்கே போய்ப் பதிவு பண்ணுங்க' என்று கைகாட்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்களே பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணைக் கேட்டவரிடம் கொடுங்கள். பிழை காட்டும் கோப்பு அவரிடம்தான் இருக்கிறது, அடுத்த பதிப்பில் சரியாகிவிட்டதா என்று திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.