ஸ்வீட்பிரெட் இனிப்பு ரொட்டி அல்ல

“வெளிநாட்டு மெனுவில் ஸ்வீட்பிரெட் என்றிருந்தால் சைவர்கள் தயங்காமல் கேட்கலாம், அது இனிப்பு பன். ஸ்வீட்மீட் என்றால் இறைச்சி, தொடாதீர்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தலைகீழ்.

ஸ்வீட்பிரெட் என்பது பெரும்பாலும் கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் நெஞ்சுப் பகுதியில் இருக்கும் தைமஸ் சுரப்பி அல்லது கணையம். ரொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்வீட்மீட்தான் மிட்டாய், பலகார வகை. பழைய ஆங்கிலத்தில் மீட் என்றால் பொதுவாக உணவு. இறைச்சி என்ற பொருள் பிறகு வந்தது. நம் லட்டையும் மைசூர்பாகையும்கூட ஆங்கிலத்தில் ஸ்வீட்மீட் என்று எழுதுவார்கள்.

குழப்பம் ஸ்வீட் என்ற சொல்லால் வருவது. அது எப்போதும் சர்க்கரையைக் குறிக்காது. உப்பு போடாத வெண்ணெய் ஸ்வீட் பட்டர், கந்தகம் குறைந்த கச்சா எண்ணெய் ஸ்வீட் க்ரூட், உப்பில்லாத ஆற்று நீர் ஸ்வீட் வாட்டர். நாம் ‘நல்ல தண்ணி’ என்கிறோமே, அந்த மாதிரி.

ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகளின் இணையதளங்களில் இரண்டு சொற்களையும் இலவசமாகவே பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பி யாராவது சைவர் கணையத்தை ஆர்டர் செய்துவிடுவார், அதனால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.