மடிநோய்க் கற்றாழை மருந்து: சுண்ணாம்பை விட்டுவிட்டீர்களே!

கறவை மாட்டின் மடி வீங்கிப் பால் கெடும் மடிநோய்க்குக் கற்றாழையும் மஞ்சளும் அரைத்துக் காலை மாலை பூசச் சொல்கிறது உங்கள் கட்டுரை. அது போதாது. சோற்றுக்கற்றாழை 250 கிராம் (முள்ளை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு), மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். இதுதான் ஒரு நாளைக்கான அளவு. அரைத்ததும் விழுது செங்கல் நிறத்துக்கு மாற வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் சுண்ணாம்பு காற்றுப்பட்டு வீரியம் இழந்தது, புதிது வாங்குங்கள்.

பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதை 150–200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். நாளைக்கு 8–10 முறை, 5 நாள். பலருக்கும் பலிக்காமல் போவது இங்கேதான்: களிம்பு போல அப்பி, இரண்டு வேளையோடு விட்டுவிடுகிறார்கள். காய்ந்த பூச்சு மேல் பூசியும் பயனில்லை, ஒவ்வொரு முறையும் கழுவணும். மிச்ச விழுதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பாலில் திரி (திரிந்த கட்டிகள்) வருவது நின்றதா என்று முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள்.

மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நின்றாலோ, மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ கற்றாழையைத் தேடிப் போகாதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.