இலவசம், ஆனால் எந்த வாசலிலிருந்து?

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரையில் ஒரு இசை மாலை. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகளையும் கணவரையும் கிளப்பிக்கொண்டு போனேன். இரவு பத்தரைக்கு வீடு வந்து பர்ஸைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தால், அந்த இலவசத்துக்கு நான் செலவழித்த பணத்தில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கியிருக்கலாம்.

கணக்கு எளிது. நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில். கடற்கரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மினிபஸ் டாக்ஸியில் நான்கு பேர் நகரத்துக்குப் போகவேண்டும், அங்கிருந்து இன்னொரு வண்டி. பின் இருக்கையிலிருந்து சில்லறை கை மாறிக் கை மாறி முன்னால் போகும். மீதி அதே வழியில் திரும்பி வரும். அந்தச் சில்லறை மட்டும் ஒருபோதும் வழி தவறாது, அது வேறு கதை. நிகழ்ச்சி முடிந்தபோது எங்கள் பக்கம் போகும் வண்டி ஒன்றுகூட இல்லை. செயலியில் கார் பிடித்தோம், போகும்போது ஆனதைப்போல மூன்று மடங்கு. இடையில் சின்னவளின் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வரைய ஒரு கட்டணம், பெரியவன் காற்றுக் கோட்டையில் குதிக்க ஒரு கட்டணம். இலவச நிகழ்ச்சியில் காசு கேட்கும் எல்லாப் பொருளும் குழந்தையின் கண்மட்டத்தில்தான் இருக்கும்.

நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். நல்ல மனதோடுதான் நடத்தினார்கள், பாட்டும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு நிகழ்ச்சி இலவசமா இல்லையா என்பதை மேடைக்குப் பக்கத்தில் நின்று முடிவு செய்கிறார்கள். வருகிறவர்களின் வீட்டு வாசலில் நின்றல்லவா அதை முடிவு செய்யவேண்டும்?

இந்த ஊரில் அது சும்மா தூரமும் அல்ல. 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வசிக்கலாம் என்று தோலின் நிறத்தைப் பார்த்துக் கோடு போட்டது. கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுப் பிழைத்த நம்மவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கறுப்பின மக்களை உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் அனுப்பினார்கள். சட்டம் போய்விட்டது, வீடுகள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. பூங்கா, அரங்கம், அருங்காட்சியகம், கடற்கரை எல்லாம் அந்தப் பக்கம். டாக்ஸிக் காசு இந்தப் பக்கம்.

பக்கத்து வீட்டு ஆயா இங்கேயே பிறந்தவர். தமிழில் பத்துச் சொல், மீதி ஆங்கிலம் என்று பேசுவார். கடற்கரைக்குப் போகிறோம் என்றால் முதலில் கிளம்பி நிற்பவர் அவர்தான். ஒரு மடக்கு நாற்காலி, மூடியைத் துண்டால் இறுகக் கட்டிய பிரியாணிப் பாத்திரம், ஊறுகாய் பாட்டில். அங்கே போனதும் தண்ணீரில் கால்கூட நனைக்கமாட்டார். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார். அவர் இளம் பெண்ணாக இருந்தபோது இந்தியர்களுக்கென்று ஒரு துண்டுக் கடற்கரைதான். தடுப்பு முழுவதும் விலகியது 1989 இறுதியில், அப்போதைய ஜனாதிபதி டி கிளெர்க் எல்லாக் கடற்கரைகளையும் எல்லோருக்கும் திறக்கச் சொன்ன பிறகு. “இங்கே உட்காரக் கூடாது என்று போர்டு இருந்த இடம் இது, கண்ணு” என்று ஒரு தடவை காட்டினார். வேண்டுமென்றே அங்கேதான் நாற்காலியைப் போடுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

கடற்கரையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. டிசம்பர் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டிவிடுகிறார்கள். தொலைந்த குழந்தையைத் தாயிடம் சேர்க்க அது போதும். மேடையும் விளக்கும் இல்லாத வேலை. இப்படி யோசிக்கிற ஒருவர் ஒவ்வொரு விழாக் குழுவிலும் இருந்தால், கடைசி டாக்ஸி எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

காலையில் நடப்பவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் பார்க்ரன் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம், நின்று மூச்சு வாங்கலாம். ஒரு முறை பதிவு செய்தால் போதும், காசே இல்லை. 2004-இல் லண்டனில் 13 பேர் ஓடித் தொடங்கியது, 2011-இல் இந்த நாட்டுக்கு வந்தது. 1849-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே எங்கள் வீட்டார் தவறாமல் நலம் விசாரிக்கும் ஒரு சைகாட் மரம் இருக்கிறது, பார்க்கப் பனைபோல இருக்கும். அதன் இனத்தில் ஆண் மரம் மட்டுமே இதுவரை கிடைத்திருக்கிறது, பெண் மரத்தை யாரும் கண்டதில்லை. ஆயா அதற்கு வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. பூங்காவில் நடக்கும் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. மாப்பிள்ளையைப் பார்க்க இல்லை.

சரி, வீட்டு வாசலிலிருந்தே இலவசமானது எது? கோயில்தான். ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் திருவிழா. கிறித்தவப் பண்டிகை நாளில் மாரியம்மன் எதற்கு என்று நான் வந்த புதிதில் விழித்தேன். கரும்புத் தோட்ட முதலாளிகள் விடுமுறை கொடுத்த நாட்களில்தானே கூலிகள் கும்பிட முடியும்? இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. அப்படி வந்தவர்கள் குடியிருந்த இடத்திலேயே தகரமும் மண்ணுமாகச் சாமி வைத்தார்கள். ஆகவே நடந்தே போகலாம். பருப்பு, பூசணிக்கறி, கீரை, வடை என்று வயிறு நிறைந்துவிடும். யாரும் பெயர் கேட்பதில்லை. ஆடியில் கூழ் ஊற்றுவதை இங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, புளிப்பு அதே புளிப்பு.

‘பெயர் கேட்பதில்லை’ என்று எழுதிய கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு கோயிலில் சோற்றுக்கரண்டியோடு நின்றேன். வரிசையில் ஒரு ஜூலு அம்மாள், முதுகில் துண்டால் கட்டிய குழந்தை. எனக்குப் பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர், “சாமி கும்பிடாமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார்கள்” என்று என் காதில் முணுமுணுத்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பூஜை முடிந்து, இலை போடுகிற நேரம் பார்த்துக் கார் எடுக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாளின் தட்டில் இரண்டு வடை கூடுதலாக வைத்தேன். கோழைகள் செய்கிற எதிர்ப்பு அது, தெரிந்துதான் செய்தேன்.

கடற்கரைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு இந்த முணுமுணுப்பை விட்டுவிட்டால் என் கணக்கு உதைக்கும். அவர்கள் வீட்டு வாசலை மறந்தார்கள் என்றால், நாம் நம் வாசலில் நின்று முகம் பார்க்கிறோம். இந்த ஆடியில் எங்கள் தெருக் கோயிலில் கூழ் வரிசையைக் கவனிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வெயில் ஏறும் முன்னே ஊற்றித் தொடங்கவேண்டும். அறிவிப்பில் ஜூலு மொழியிலும் இரண்டு வரி இருக்கவேண்டும். வயதானவர்கள் உட்கார ஏதாவது வேண்டும் என்றேன். ஆயா தன் மடக்கு நாற்காலியைத் தர ஒப்புக்கொண்டார், சாயங்காலத்துக்குள் கழுவித் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.