எடைக் குறைவு மட்டும் போதுமா?

காலில் பலகை பூட்டிப் பனிமலை ஏறி, பின் சறுக்கி இறங்கும் வேகமான மலையேற்றப் பனிச்சறுக்குக்குக் கிடைப்பவற்றுள் மிக இலேசான பலகையையே வாங்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். சுவிற்சர்லாந்தில் இவ்விளையாட்டில் இறங்கியிருக்கும் என் தம்பி மகனுடன் அடிக்கடி இது பற்றிப் பேசுபவன் என்பதால் எழுதுகிறேன். ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் பலகை காலோடு இழுபடுவதால், எடைக் குறைவின் பயன் உண்மையானதே. எனினும், 2026 மிலானோ கோர்ட்டினா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது போன்ற பந்தயங்களுக்குரிய, காலடியில் ஏறத்தாழ 65 மில்லிமீற்றர் மட்டுமே அகலமுள்ள பலகைகள், இறங்கும்போது இறுகிய கரடுமுரடான பனியில், சுமையில்லாத தோணி வாவிக் காற்றில் அலைவதுபோல் அலைந்து தடதடத்து, ஏற்கெனவே களைத்த தொடைகளை மேலும் வருத்தும்; ஆழமான புதுப்பனியில் எளிதில் புதையும். பந்தயம் ஓடாதவருக்கு 80 மில்லிமீற்றரை அண்டிய அகலமே பொருத்தம் என்பேன். பலகையில் 200 கிராம் மிச்சம்பிடித்துவிட்டு, சப்பாத்தின் முனையை இரு ஊசிகளால் கவ்விப் பலகையோடு பிடிக்கும் இலேசான பிணைப்பியை விடுத்துக் கனத்த ஒன்றைப் பூட்டுவதில் பொருளில்லை. ஏறுவதற்காக அடியில் ஒட்டும் பட்டைகளில், மொஹெயர் (அங்கோரா ஆட்டு மயிர்) நைலோனைவிட நன்றாக வழுக்கிச் செல்லும், ஆனால் விரைவில் தேயும். கட்டுரை அதைத் தொடவேயில்லை.